பாதியில் நின்ற சண்டை

கணக்கியல் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது என்பதற்காகத்தான் அவள் உளவியல் படிக்கப் போனாள். சேர்க்கை அறையில் இருந்த எழுத்தர், "உளவியல்ல ஆளே சேரலம்மா, இப்பவே கையெழுத்துப் போட்டா ஜன்னலோர பெஞ்சுகூடக் கிடைக்கும்" என்றார். கடிகாரக் கடை வைத்திருந்த அப்பாவுக்கு அது என்ன படிப்பென்றே விளங்கவில்லை. "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்று கேட்டார்.

"இல்லப்பா, பைத்தியம் இல்லாதவங்களுக்கு."

அவர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கூட்டம் அதிகமா இருக்குமே" என்றார்.

வேண்டாவெறுப்பாகச் சேர்ந்த படிப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. வீட்டு விசேஷங்களில் மாமாக்கள் வழிமறித்து, "என் மனசுல இப்ப என்ன ஓடுது, சொல்லு பார்க்கலாம்" என்பார்கள். "இவளை எப்படி மடக்கலாம்னு ஓடுது மாமா" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவாள். உண்மையில் அடுத்தவர் மனதைப் படிப்பதில் அவளுக்கு ஆசையே இல்லை. அவளுக்குப் பிடித்தது கேட்பது. பேசுகிறவர் சட்டென்று நிறுத்தும்போது எதிரில் இருப்பவர் குறுக்கே விழாமல் சும்மா இருந்தால் என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. ஆட்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தாள். கேட்கிறவர் அவசரப்படாமல் இருந்தால், சொல்ல வந்ததை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, சொல்லக்கூடாது என்று நினைத்திருந்ததையும் மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பெரியவர், "ஆக, சும்மா இருக்கறதுக்கு ஒரு டாக்டர் பட்டமா?" என்று சிரித்தார். கொடுத்தும்விட்டார்.

பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்த அன்றே தோழியும் கிடைத்தாள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மூன்றாம் மாடியில், பழைய சாமான் போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து, ஒரே மேசையைப் போட்டு, "சமாளிச்சுக்குங்க" என்று இருவரையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். பக்கத்து அறைதான் ஆய்வுக்கூடம். நடுவே ஒருபக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அது வெறும் நிலைக்கண்ணாடி. பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் மாணவர்கள் அதில் தலை வாரிக்கொள்வார்கள், பல்லைக் காட்டிப் பார்த்துக்கொள்வார்கள். இவர்கள் இருவரும் இருட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

தோழி பேச்சில் சூரப்புலி. அவள் வகுப்பு என்றால் அடுத்த துறைப் பிள்ளைகள்கூட வந்து கடைசி வரிசையில் நிற்பார்கள். மாணவர்கள் அவளுக்கு 'மைக்' என்று பெயர் வைத்தார்கள். இவளுக்கு வைத்த பெயர் 'அப்புறம்'. யார் வந்து எதைச் சொன்னாலும் இவள் வாயிலிருந்து வரும் ஒரே சொல் அதுதான். பட்டப்பெயர் தன் காதில் விழுந்தபோது இவளுக்கு வருத்தமில்லை. இருவரும் சேர்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். ஆட்களைத் தேடிப் பிடித்து, பேசவைத்து, கேட்டு, தரம் பிரித்து, முடிவை எழுதுவது இவள். மேடையேறிச் சொல்வது தோழி. "மேடை உனக்கு, மேசை எனக்குடி" என்று இவளே சொல்லியிருக்கிறாள், ஒரு தடவை இல்லை, பல தடவை.

கல்யாணம் ஆனது கட்டட வரைபடம் போடும் ஒருவரோடு. அடுக்கு அடுக்காக மாடி வரையத் தெரிந்த மனிதருக்கு ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. ஆனால் தச்சரைக் கூப்பிட விடமாட்டார். வீட்டில் பாதி சாமான் அவர் சரிசெய்து கெட்டுப்போனவை. ஒரு மகள் பிறந்தாள். தோழிக்குக் கல்யாணம், குடும்பம் எதுவும் வாய்க்கவில்லை. அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் அலையவில்லை. மகள் அவளைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அம்மாவைக் கூட்டி வரச் சொன்னால் சில நாள் சித்திதான் போய் நிற்பாள். ஆசிரியரோடு வாதாடி ஜெயித்துவிட்டும் வருவாள்.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அது. சமையலறை ஜன்னலின் கொண்டி கழன்று தொங்கியது. கணவர் பல நாளாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலை, காற்றடித்துக் கதவு மோதிப் பால் பாத்திரம் கவிழ்ந்ததும் இவளுக்குப் பொறுமை போயிற்று.

"உங்களால முடியலன்னா முடியலன்னு ஒத்துக்குங்களேன். ஊர்ல தச்சரே இல்லையா?"

"இங்க பாரும்மா, ஒரு ஆணி அடிக்கத் தெரியாதவனா நான்?"

"அதான் சுவரெல்லாம் ஓட்டை போட்டு வச்சிருக்கீங்களே, பார்த்தாலே தெரியுது."

"சாயந்தரம் வந்து பேசிக்கிறேன் உன்கிட்ட" என்று சொல்லிவிட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனார். மதியத்துக்குள் அலுவலகப் படிக்கட்டிலேயே அவர் நெஞ்சு நின்றுவிட்டது.

சாயந்தரம் வந்தது. அவர் வரவில்லை.

வந்தவர்கள் எல்லாம் போய், வீடு அடங்கி, வகுப்புகளுக்குத் திரும்பிய பிறகு அது தொடங்கியது. வேலை முடிந்து வந்து சமையலறையில் நிற்கும்போது வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிடும். "சாயந்தரம் பேசிக்கிறேன்னீங்களே, வாங்க, பேசுங்க" என்பாள். அன்று காலையில் விட்ட இடத்திலிருந்து சண்டையைப் பிடித்துக்கொள்வாள். கொஞ்ச நாளில் அவருடைய பதிலையும் அவளே சொல்லத் தொடங்கினாள். அவர் குரலிலேயே, தொண்டையை இறக்கி, அந்த 'இங்க பாரும்மா'வை இழுத்து. தான் செய்வது என்ன என்று அவளுக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் அல்லவா? தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அவர் நிஜமாகவே போய்விடுவார் போலிருந்தது.

ஒரு மத்தியானம், தேர்வு மேற்பார்வை முடிந்து இருவரும் அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது தோழியிடம் சொன்னாள். "அவரோட இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்டி. வாய் விட்டு. தினமும்." அவ்வளவுதான் சொன்னாள். அவர் குரலில் பதில் சொல்வதைச் சொல்லவில்லை. அது அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. அன்றைக்கு மட்டும் மைக் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னோட போகட்டும்டி, யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றாள். எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் இவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்த வலியிலிருந்துதான் ஆராய்ச்சியும் பிறந்தது. துணையை இழந்தவர்கள் எதை நினைத்து அழுகிறார்கள்? அன்பை நினைத்து என்று புத்தகங்கள் சொல்லின. இவள் கேட்ட வரையில் பலரும் அழுதது முடிக்காமல் விட்ட சண்டையை நினைத்து. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தொலைக்காட்சிச் சத்தத்துக்காக மனைவியைத் திட்டியதைச் சொல்லிவிட்டு, அதன்பிறகு தொலைக்காட்சியையே போடவில்லை என்றார். இசை ஆசிரியை ஒருத்தி, கணவனிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தையை இவளிடம் சொல்வதற்கு நாலைந்து சந்திப்பு எடுத்துக்கொண்டாள். இவள் காத்திருந்தாள். இப்படி ஒவ்வொருவராக, வருஷக்கணக்கில். மனதுக்குள் அதற்குப் 'பாதிச் சண்டை' என்று பெயர் வைத்திருந்தாள். தோழியிடம் ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பையும் சொல்வாள். "எழுதிடுடி, யாராவது முந்திக்குவாங்க" என்பாள் தோழி. "இன்னும் கொஞ்ச பேரைக் கேட்டுட்டு" என்பாள் இவள்.

முந்திக்கொள்ளப் போவது யார் என்று அப்போது தோன்றவில்லை.

அந்த வருஷம் பெரிய மாநாட்டின் தொடக்க உரைக்குத் தோழியை அழைத்திருந்தார்கள். வழக்கமாக எந்த உரையானாலும் இவள் முன்னால் பேசிப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறுவாள். இந்தத் தடவை, "சர்ப்ரைஸ்" என்று சொல்லிவிட்டாள். மாநாட்டுக்கு முந்தின நாள் இவளுக்குக் காய்ச்சல். "நீ வரவே வேண்டாம், பேசாம படு" என்று அதட்டலாகச் சொன்னாள் தோழி. அக்கறை என்றே இவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காய்ச்சல் இறங்கியதும் மனசு கேட்கவில்லை. தோழி வாழ்க்கையிலேயே பெரிய மேடை, நாம் இல்லாமலா என்று கிளம்பிப் போனாள். அரங்கில் இடமில்லை. பின்சுவரோரம் நின்றாள்.

திரையில் தலைப்பு விழுந்தது: 'பாதியில் நின்ற சண்டை'.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. நம்முடைய விஷயத்தைப் பேசப் போகிறாள், பெயரைச் சொல்வாள், எல்லோரும் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று கூச்சப்பட்டாள். பெயர் வரவில்லை. "நான் பல ஆண்டுகளாகச் சிந்தித்து வரும் ஒரு கருத்து" என்றது மேடை. கேட்டுக் கேட்டு இவள் சேர்த்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பிறகு தோழி குரலைத் தாழ்த்தினாள். கூட்டத்தைக் கையில் எடுக்கும்போது அவள் எப்போதும் செய்வது.

"எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி. படித்தவர், பெரிய பதவியில் இருப்பவர். கணவர் இறந்து பல மாதம் ஆகியும் சமையலறையில் நின்று அவரோடு சண்டை போடுவார். அது மட்டுமில்லை. கணவருடைய பதிலையும் அவரே சொல்வார்." தோழி ஒரு கையை இடுப்பில் வைத்து, தொண்டையை இறக்கினாள். "இங்க பாரும்மா... ஒரு ஆணி அடிக்கத் தெரியாதவனா நான்?"

அரங்கம் சிரித்தது. கெட்ட எண்ணம் இல்லாத, உருகிப்போன, நல்ல சிரிப்பு. தோழி அது அடங்கும் வரை காத்திருந்தாள். எங்கே நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இவள் கற்றுக்கொடுத்த பாடம்.

பின்சுவரில் சாய்ந்து நின்றவளுக்கு உடம்பில் துணி இல்லாமல் நிற்பதுபோல இருந்தது. ஆனால் அதற்கும் மேலே ஒரு கேள்வி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. சண்டை போடுவதைத் தோழிக்குச் சொன்னது நான். அவர் குரலில் பதில் சொன்னதை அவளுக்கு யார் சொன்னது? அந்த வார்த்தை எப்படித் தெரியும்?

வெளியே வந்தபோது பக்கத்துத் துறை இளைஞர் ஒருவர், "மேடம், அந்த ஆணி விஷயம் சூப்பர் இல்ல? சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு" என்றார். "ஆமா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மனசு தன்னைப்போல வழக்கமான பக்கம் ஓடியது: போய் அவளிடம் சொல்லி அழ வேண்டும். பாதி வழியில்தான் உறைத்தது, எவளிடம் சொல்லி அழுவது என்று. இப்படி ஒன்று நடந்தால் ஓடிப்போய்ச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே ஆள் அந்த மேடையில் நின்றுகொண்டிருந்தாள்.

மகள் இப்போது மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறவள். மாலை வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றும் முன்பே அம்மா கேட்டாள்.

"அப்பா போன புதுசுல, நான் சமையலறையில பேசினதை நீ கேட்டிருக்கியா?"

மகள் முகம் வெளிறியது. மறைக்கத் தெரியாத பிள்ளை.

"கேட்டேம்மா. என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே சமையலறை. முதல்ல உன் குரல். அப்புறம் ஒரு நாள் அப்பா குரல். அப்பா வந்துட்டாருன்னு கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வந்தேன். நீ தனியா நின்னுக்கிட்டிருந்தே. நீ என்னைப் பார்க்கல."

"என்கிட்ட ஏன் கேட்கல?"

"எப்படிம்மா கேட்கறது? உனக்குப் புத்தி பிசகிடுச்சோன்னு பயம். சித்திகிட்ட போனேன். எவ்வளவு முத்தியிருக்குன்னு தெரியணும், போன்ல பதிவு பண்ணிக் கொண்டா, உங்கம்மாவை நான் பார்த்துக்கறேன்னாங்க. கொண்டுபோய்க் கொடுத்தேன். பல வருஷம் கழிச்சு, ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமா, பேர் வராதுன்னு கேட்டாங்க. அம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன். அவளுக்குச் சம்மதம்தான், ஆனா அதைப் பத்திப் பேசினா கஷ்டப்படுவா, நீ பேச்செடுக்காதேன்னாங்க. சித்தி சொன்னா நம்பாம?"

"கதவுக்கு வெளிய நின்னு பதிவு பண்ணியா?"

மகள் குனிந்து காலணியைக் கழற்றினாள். அதற்குப் பிறகு பல நாள் வீட்டில் "கதவைப் பூட்டிட்டியா", "தண்ணி வருதா" என்ற அளவில்தான் பேச்சு. மகள் ஏமாற்றப்பட்டவள் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தது வேறு, மனசு ஆறுவது வேறு. தன் வீட்டுச் சுவருக்கே காது இருந்திருக்கிறது என்ற நினைப்பில், தனியாக இருக்கும்போதுகூட அவள் வாய் திறக்கவில்லை.

உரைக்கு மறுநாள், பதவி உயர்வோடு தோழிக்குக் கிடைத்திருந்த தனி அறைக்குப் போனபோது அங்கே பூங்கொத்துகள் வைக்க இடமில்லாமல் தரையில் கிடந்தன. கதவைச் சாத்திவிட்டு, உட்காராமல் நின்றாள்.

"நேத்து நானும் வந்திருந்தேன். உங்க பேச்சைக் கேட்டேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் வாடி போடி என்று பேசிய வாயிலிருந்து வந்த அந்த 'உங்க' தோழியை அறைந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"உக்காருடி. சொல்றதைக் கேளு. அடையாளமே தெரியாத மாதிரிதான் சொன்னேன். அது நீன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"நீ எழுத மாட்டேடி! இன்னும் கொஞ்ச பேர், இன்னும் கொஞ்ச பேர்னு பெட்டியிலயே வச்சிருப்பே. நேத்து பேச்சு முடிஞ்சு ஒரு பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார், தெரியுமா? எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேம்மா, இப்பதான் நிம்மதின்னார். அவருக்கு அது போய்ச் சேர வேண்டாமா? நீ ஒளிச்சு வச்சா யாருக்கு லாபம்?"

அதில் உண்மை இருந்தது. அதுதான் கொடுமை. அவள் தடுமாறாமல் அடுத்ததைக் கேட்டாள்.

"எனக்குச் சம்மதம்னு என் பொண்ணுகிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

தோழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வாய்ப்பேச்சில் யாரிடமும் தோற்காதவள், கடைசியில் மெல்லச் சொன்னாள்:

"கேட்டிருந்தா நீ முடியாதுன்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்" என்றாள் இவள். கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள்.

துறைத் தலைவர் இருவரிடமும் படித்தவர். இவள் போய்ப் புகார் சொன்னதும் தலையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், பேர் சொல்லாத ஒருத்தருக்காக யாரும் புகார் கொடுக்க முடியாது. பாதிக்கப்பட்டது நான்தான்னு நீங்க முன்னால வரணும். வந்தா, அந்தப் பெண்மணி யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். இப்ப யாருக்கும் தெரியாது. யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் தப்பும், தோழியும் தப்புவாள். பேசினால் இரண்டும் போகும். ஒரு வாரம் கழித்து ஆய்வு நெறிக் குழுவின் முன்னால் போய், "அது நான்தான்" என்றாள்.

விசாரணை அறை சின்னது. நீள மேசை, குளிர்சாதனத்தின் முனகல். அந்தப் பக்கக் கோடியில் தோழி. நடுவில் குழுவினர். புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அவங்க ஒப்படைச்ச பதிவுல இருக்கறது உங்க குரல்தான்னு உறுதிப்படுத்தியாகணும். விதி அப்படி."

போட்டார்கள்.

சமையலறைக் குழாய்ச் சத்தம். பாத்திரம் வைக்கும் ஓசை. அவள் குரல். பிறகு அவர் குரல். தோழி மேடையில் செய்து காட்டியது போல இல்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. களைத்துப்போன ஒரு மனிதன், தோற்றுவிட்டதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் பேசுவது போல இருந்தது. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் மேசையையே பார்த்தார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள், தொழில்முறையில் கேட்பது போல. அப்போதுதான் பேச்சுக்கு நடுவே வேறொரு சத்தம் காதில் விழுந்தது. போனுக்கு மிக அருகில், மூக்கை உறிஞ்சி, வாயைக் கையால் அடைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அழுவது. பதிவு முழுக்க அது இருந்தது. அம்மாவின் குரலைவிட அருகில், அப்பாவின் குரலைவிட அருகில்.

"என் குரல்தான்" என்றாள். "அழறது என் பொண்ணு." பிறகு தோழியைப் பார்த்தாள். "இதை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? இந்த அழுகை உங்க காதுல விழவே இல்லையா?"

தோழி அழுதாள். அந்த அழுகை பொய் என்று இவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் எழுந்து அந்தக் கோடிக்குப் போக இவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்குப் போய் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீ அழுததை இன்னிக்குத்தான்டி கேட்டேன்" என்றாள். மகள், "விடும்மா" என்றாள். விளக்கைப் போடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

குழுவின் தீர்ப்பு வழவழா கொழகொழா என்று வந்தது. அந்த உதாரணத்தை இனி எங்கும் சொல்லக்கூடாது, பதிவை அழிக்க வேண்டும், தோழி வருத்தம் தெரிவிக்க வேண்டும். கருத்து யாருடையது என்பதில் குழு தலையிட விரும்பவில்லை, இருவரும் நீண்டகாலம் சேர்ந்து உழைத்தவர்களாம். தோழியின் புத்தகம் வேறொரு உதாரணத்தோடு வெளிவந்தது, நன்றாக விற்றது. நன்றியுரையில் இவள் பெயர் இருந்தது, 'என்றும் உடனிருந்தவர்' என்று. அந்தப் பக்கத்தைத் தாண்டி இவள் படிக்கவில்லை.

துறையில் ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "ஒரு ஜோக்குக்குப் போய் இவ்வளவு ரகளையா?" என்று ஒரு பக்கம். இவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, நோயாளியிடம் பேசுவது போலப் பேசும் இன்னொரு பக்கம். முதல் பக்கத்தைவிட இரண்டாவதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

அதைவிடப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. செய்தி வெளியே கசிந்து இசை ஆசிரியையின் காதுக்கும் போய்விட்டது. அவள் நேரே வந்தாள். "உங்களை நம்பித்தான் பேசினேன். உங்க கதையே மேடையேறிடுச்சுன்னா என்னோடது எந்த மூலைக்கு? அழிச்சிடுங்க. என் கண்ணு முன்னால."

"நீங்க சொன்னது எங்கேயும் போகல" என்று சொல்ல வாயெடுத்தாள். சந்திப்புகளைப் பற்றித் தோழியிடம் எவ்வளவோ பேசியிருக்கிறாள், பெயர் சொல்லாமல்தான், ஆனால் பேசியிருக்கிறாள். கணினியைத் திறந்து ஒவ்வொரு பதிவாக அழித்துக் காட்டினாள். பிறகு தானே மற்ற எல்லோரையும் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, வேண்டுமா, அழிக்கவா என்று கேட்டாள். பாதிக்கு மேல் அழிக்கச் சொன்னார்கள். தபால்காரர், "இருக்கட்டும்மா, நான் போனப்புறம் அதாவது மிஞ்சட்டும்" என்றார். மிஞ்சியதை வைத்து ஒரு சின்னக் கட்டுரை எழுதினாள். அதிகம் பேர் படிக்காத இதழில் வந்தது. படித்தவர்களில் சிலர், இது அந்தப் பிரபலமான புத்தகத்தின் வழித்தோன்றல் என்று குறித்தார்கள். மறுத்து எழுதும் தெம்பு அவளுக்கு இல்லை.

இருவரும் இன்னும் அதே மாடியில்தான் இருந்தார்கள், அறை மட்டும் வேறு. வராந்தாவில் தோழியின் நடை கேட்டால் அது தாண்டிப் போகும் வரை இவள் நாற்காலியை விட்டு எழமாட்டாள். ஒரு நாள் அந்த நடை கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாகத் துறை எழுத்தர் சொன்னார்.

சில வாரம் கழித்து மகள் வேலையிலிருந்து வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் நின்றாள்.

"அம்மா, சித்தியை எங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்காங்க, நடக்கப் பழக்கறதுக்கு. என் பேர்ல போட்டிருக்காங்க. மாத்தித் தரச் சொல்லவா?"

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"உனக்கு முடியுமா?"

"முடியும்னுதான் நினைக்கிறேன். கூட யாருமே இல்லம்மா அவங்களுக்கு."

"அப்ப பாரு. அது உன் வேலை." கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு. வலியில இருக்கறவங்க என்னென்னமோ பேசுவாங்க. என்னைப் பத்திகூடப் பேசுவாங்க. அங்க கேட்டது எதையும் இங்க கொண்டு வராதே. நானே கேட்டாலும் சொல்லாதே."

மகள் தலையாட்டினாள்.

வாரத்தில் மூன்று நாள் மகள் சித்தியின் கையைப் பிடித்து நடக்கவைத்தாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு, பசிக்கிறது என்பாள். என்ன சொன்னாள், என் பெயரை எடுத்தாளா, அழுதாளா என்று கேட்க அம்மாவுக்கு நாக்கு துறுதுறுக்கும். தட்டை எடுத்து வைத்துவிட்டு, அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோழி கைத்தடியில்லாமல் நடந்து வீட்டுக்குப் போய்ச் சேரும் வரையிலும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.